மாமா மூன்று மணிக்கு எங்கே போகிறார்?

கேள்வி: ஐயா, எங்கள் வீடு குலசேகரம் பக்கம். மாமனாருக்கு 76 வயது. அரசு ரப்பர் கழகத் தோட்டத்தில் பால்வெட்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அல்சைமர் வகை டிமென்ஷியா என்று நரம்பு டாக்டர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். வீட்டில் நானும், ஏழாம் வகுப்பு படிக்கும் மகனும், மாமாவும்தான். இதுவரை மூன்று தடவை யாருக்கும் தெரியாமல் இறங்கிப் போய்விட்டார். கடைசியாகப் போனது விடிகாலையில். நாங்களே தேடிப் பார்த்துவிட்டு எட்டு மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். "சொந்தக்காரர் வீட்டில் எல்லாம் விசாரியுங்கள், சாயங்காலம் வரைக்கும் வராவிட்டால் எழுதிக் கொடுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். பத்தரை மணிக்குச் சானல் (பாசனக் கால்வாய்) கரையில் உட்கார்ந்திருந்தவரைப் புல்லறுக்கப் போன ஒரு அம்மா பார்த்துச் சொன்னார். என் நாத்தனாரோ, "ஊரெல்லாம் சொல்லிக் குடும்பத்தை நாறடிக்காதே, வெளியே பூட்டைப் போட்டு வை" என்கிறார். பூட்டி வைக்கலாமா? இன்னொரு தடவை போனால் போலீஸ் உடனே தேடுவதற்கு நான் என்ன செய்ய வேண்டும்?

பதில் தருபவர்: ஓய்வு பெற்ற காவல் ஆய்வாளர். மறதி நோயாளிகளின் குடும்பங்களுக்கும் காவலர்களுக்கும் வகுப்பு எடுத்து வருகிறார்.

மகளே, போலீசில் இருந்தே தொடங்குகிறேன்.

ஆளைக் காணவில்லை என்றால் ஒரு நாள் பொறுத்துத்தான் புகார் வாங்குவார்கள் என்று ஊரில் பலரும் நம்புகிறார்கள். காவலர்கள் சிலரும் அப்படிச் சொல்லியே பழகிவிட்டார்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றால், ஸ்டேஷனுக்கு வரும் 'மேன் மிஸ்ஸிங்' புகார்களில் வீட்டில் சண்டை போட்டுவிட்டுப் போனவர், கடன்காரருக்குப் பயந்து போனவர், காதலித்துப் போனவர் என்று நிறையப் பேர் உண்டு. அவர்களில் பலர் மறுநாளே எங்கிருந்தாவது போன் செய்வார்கள். உங்கள் மாமா போன் செய்ய மாட்டார். வழி கேட்டுத் திரும்பி வரவும் மாட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பத்தடி தள்ளி இருந்துகொண்டே குரல் கொடுக்காமல் இருப்பார்.

இந்த வித்தியாசம் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தானாகத் தெரியாது. அவரைப் பொறுத்தவரை "வயசானவர், காலையில் நடக்கப் போயிருப்பார்", அவ்வளவுதான். ஆகவே உள்ளே போனதும் முதல் பேச்சே இப்படி இருக்கட்டும்: "என் மாமனாருக்கு டிமென்ஷியா, டாக்டர் சீட்டு கையில் இருக்கிறது. மூன்று மணிக்குக் கட்டிலில் படுத்திருந்தார், நாலு மணிக்கு ஆள் இல்லை. திரும்பி வர வழி தெரியாது. பக்கத்தில் சானல் ஓடுகிறது, உயிருக்கு ஆபத்து." இதைக் கேட்ட பிறகு "சாயங்காலம் வாருங்கள்" என்று சொல்ல எந்த ரைட்டருக்கும் நாக்கு எழாது. அப்படியும் சொன்னால் வாக்குவாதம் செய்து நேரத்தைப் போக்க வேண்டாம். அங்கே நின்றபடியே 112-க்குப் போன் போட்டு இதே வாக்கியங்களைச் சொல்லுங்கள். அந்த அழைப்பு கட்டுப்பாட்டு அறையில் நேரத்தோடு பதிவாகும், அங்கிருந்து ஸ்டேஷனைக் கேள்வி கேட்பார்கள். அடுத்த படி உட்கோட்ட டி.எஸ்.பி., அதற்கும் மேலே நாகர்கோவிலில் எஸ்.பி. அலுவலகம். புகாரை எழுத்தில் கொடுத்து, அந்தக் காகிதத்துக்கு ஒரு ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஸ்டேஷன் ஆட்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் முதல் ஒரு மணி நேரம் வீணாகிற இடம் வேறு ஒன்று இருக்கிறது. சொல்கிறேன், கேளுங்கள்.

ஒரு குடும்பம் பதறிக்கொண்டு வரும், நாலைந்து பேர். ரைட்டர் பேனாவை எடுத்து, "என்ன சட்டை போட்டிருந்தார்?" என்பார். "நீலக் கட்டம்" என்பான் மகன். "அது நேற்று. ராத்திரி சட்டையே போடவில்லை, கைலி மட்டும்தான்" என்பாள் மருமகள். "என்ன உயரம்?" மகன் தன் காதுக்கு நேராகக் கையை வைத்துக் காட்டுவான். "அடையாளம் ஏதாவது?" ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "போட்டோ?" பேரன் போனைத் தடவித் தடவி, பத்து வருடத்துக்கு முந்தைய ஒரு கல்யாணப் படத்தைக் காட்டுவான். அதில் பெரியவர் தலைக்கு மை அடித்து, பெரிய மீசை வைத்து, பட்டு வேட்டியில் இருப்பார். இப்போது தேட வேண்டியவர் மீசை இல்லாத, எலும்பும் தோலுமான, கைலி கட்டிய கிழவர். அந்தப் படத்தை நூறு குரூப்பில் போட்டாலும், அவர் எதிரே நடந்து போனால் யாருக்கும் அடையாளம் தெரியாது.

இதற்கு பிரிட்டனில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டிமென்ஷியா உள்ளவரைப் பற்றிய எல்லா விவரத்தையும், அவர் காணாமல் போவதற்கு முன்பே குடும்பத்தார் ஒரு படிவத்தில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்வார்கள். ஆளைக் காணோம் என்றதும் வருகிற போலீஸ்காரர் கையில் அதைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். ஹெர்பர்ட் புரோட்டோகால் என்று அதற்குப் பெயர். ஜார்ஜ் ஹெர்பர்ட் என்பவர் இரண்டாம் உலகப் போரில் நார்மண்டி தரையிறக்கத்தில் பங்கேற்ற போர்வீரர். முதுமையில் டிமென்ஷியா வந்து, சிறுவயதில் வாழ்ந்த வீட்டைத் தேடிப் போனபோது இறந்தார். நார்ஃபோக் காவல்துறை தொடங்கிய அந்தத் திட்டம் பிறகு அந்த நாட்டில் பல இடங்களுக்கும் பரவியது. அதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. நம் வீட்டில் ஒரு முழுத் தாளும் பேனாவும் இருந்தால் போதும்.

முதல் பக்கத்தில் ஆளைப் பற்றி எழுதுங்கள். முழுப் பெயர், கூப்பிடும் பெயர், வயது, உயரம், எடை, நிறம், முடி, மீசை, பல்செட் உண்டா, கண்ணாடி போடுவாரா, காது கேட்குமா, எவ்வளவு தூரம் நடப்பார், கோல் ஊன்றுவாரா. மச்சம், தழும்பு எல்லாம் எழுதுங்கள். பால்வெட்டுக்காரர் கையில் கத்தி பட்ட தழும்பு ஒன்றாவது இருக்கும். என்னென்ன மாத்திரை, ஒரு வேளை தவறினால் என்ன ஆகும் என்பதும் வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவராக இருந்தால் அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள், தேடலின் வேகத்தையே மாற்றும் விஷயம் அது. என்ன மொழி பேசினால் பதில் சொல்வார் என்பதும் முக்கியம். நம் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956-க்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர்களில் மலையாளம் படித்தவர்கள் உண்டு. மறதி முற்றும்போது சிலருக்குப் பழைய மொழிதான் முதலில் வாயில் வரும்.

படம் இரண்டு போதும். ஒன்று முகம், ஒன்று தலை முதல் கால் வரை, அவர் வீட்டில் எப்படி இருப்பாரோ அப்படியே கைலியும் தோளில் துண்டுமாக. மாதம் ஒரு தடவை புதிதாக எடுங்கள். முடிந்தால் தினமும் காலைச் சாயா கொடுக்கும்போது உங்கள் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். அன்றைக்கு என்ன உடுத்தியிருந்தார் என்ற கேள்விக்குச் சண்டையே வராது.

இரண்டாம் பக்கம்தான் தேடலுக்கு உயிர். அதில் அவருடைய வாழ்க்கையை எழுத வேண்டும். பிறந்த வீடு எங்கே, படித்த பள்ளி எது, கல்யாணம் ஆனதும் எங்கே குடியிருந்தார், எந்தெந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தார், அங்கே போக எந்த வழியில் நடப்பார், எந்தக் கோயில் அல்லது ஆலயம், எந்தச் சந்தை, எந்தச் சாயாக்கடை, இறந்துபோன கூட்டாளிகள் யார், அவர்கள் வீடு எங்கே. இதற்கு முன்னால் மூன்று தடவை போனபோது எங்கே கிடைத்தார் என்பதை நாள், நேரத்தோடு எழுதுங்கள். ஒருமுறை போன இடத்துக்கே மறுபடியும் போவது இந்த நோயில் சாதாரணம்.

உங்கள் மாமா விடிகாலையில் போனதை நோயின் கிறுக்கு என்று தள்ளிவிட வேண்டாம். ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு வேலை இருட்டிலேயே தொடங்கிவிடும். வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறையும். நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு கத்தியும் கூடையுமாக எத்தனையோ வருடம் அந்த நேரத்தில் வீட்டைவிட்டு இறங்கியவர் அவர். மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் அவருடைய கால் கேட்பது வேலைக்குப் போகும் வழியைத்தான். ஆகவே அடுத்த தடவை காணவில்லை என்றால், சொந்தக்காரர் வீடுகளுக்குப் போன் போடுவதற்கு முன்னால் அவர் முன்பு வெட்டிய தோட்டத்தின் திசையில் ஆளை அனுப்புங்கள். சானல் கரையில் கிடைத்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கரை அவருடைய பழைய நடைவழியா என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். ஆம் என்றுதான் பதில் வரும் என்று என் மனம் சொல்கிறது.

இப்போது தேடும் முறை. காணவில்லை என்று தெரிந்த உடனே முதலில் வீட்டுக்குள்ளும், வீட்டை ஒட்டிய தோட்டமான விளைக்குள்ளும் தேடுங்கள். குளிமுறி, மாடி, விறகுப்புரை, ஷீட் உலர்த்தும் புகைப்புரை, தொழுவம், கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால். கிணற்றை எட்டிப் பாருங்கள். இதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு உடனே 112. போன் போட்டால் ஆள் தானாகவே வந்துவிடுவாரே, வீண் தொந்தரவு ஆகுமே என்று யோசிக்காதீர்கள். வந்துவிட்டால் "கிடைத்துவிட்டார்" என்று இன்னொரு போன் போட்டால் முடிந்தது.

மகனை வீட்டிலேயே உட்கார வையுங்கள். மாமா திரும்பி வந்தால் பார்க்கவும், போலீஸ் கூப்பிட்டால் எடுக்கவும் ஒரு ஆள் வேண்டும். நீங்கள் பதறி ஓடும்போது போனை எடுக்க மாட்டீர்கள். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இந்த வேலை சரியாக வரும். தேடப் போன கூட்டத்தில் அவனும் இருட்டில் அலைவதைவிட இது நல்லது.

தேடுகிறவர்களிடம் ஒன்று சொல்லி அனுப்புங்கள். பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ரோட்டில் பைக்கில் போனால் பயனில்லை. டிமென்ஷியா உள்ளவர்கள் காணாமல் போன சம்பவங்களை வெளிநாடுகளில் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் கடைசியாகப் பார்த்த இடத்தில் இருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள்தான் கிடைக்கிறார்கள். நடந்துகொண்டே போய், எதிலாவது மாட்டிக்கொண்டு நின்றுவிடுவார்கள். வேலி, முட்புதர், ஓடைப் பள்ளம், இப்படி. பின்னால் திரும்பி வர வேண்டும் என்று தோன்றாது. உதவி கேட்டுக் கத்துவதும் அபூர்வம். நம் ஊருக்கு இதை மாற்றிச் சொன்னால், ரப்பர் விளைகளுக்கு இடையில் கொடி படர்ந்து கிடக்கும் இடங்கள், இளம் ரப்பருக்கு நடுவே போட்ட அன்னாசித் தோட்டம், எல்லைச் சுவரான கயாலை ஓரம், பாலத்துக்கு அடியில். இங்கெல்லாம் இறங்கி, குனிந்து பார்க்க வேண்டும். பார்த்த இடத்தையே ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் பாருங்கள், அவர் அதற்குள் அங்கே வந்திருக்கலாம். வலது கைப் பழக்கம் உள்ளவர் வலது பக்கமாகத் திரும்புவார் என்று ஒரு பேச்சு உண்டு. நான் அதை நம்பி ஆளைப் பிரித்து அனுப்ப மாட்டேன்.

தண்ணீர் தனி. கோதையாறு பாசனத்தில் இருக்கும் ஊர்களில் வீட்டைச் சுற்றிச் சானலும் குளமும்தான். மழைக்காலத்தில், அல்லது அணை திறந்து தண்ணீர் விட்டிருக்கும்போது, முதல் ஆளைத் தண்ணீர் பக்கம் அனுப்புங்கள். ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை என்று நமக்கு வருடத்தில் இரண்டு தடவை இந்தப் பயம் உண்டு. கடற்கரை ஊர்களில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் 1093 என்ற கடலோரப் பாதுகாப்புக் குழும எண்ணையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நடந்து போனவர் ஒன்றிரண்டு கிலோமீட்டரில் கிடைப்பார், சரி. பஸ் ஏறினால் அந்தக் கணக்கு உதவாது. பெண்களாக இருந்தால் இது இன்னும் கவனிக்க வேண்டியது. 2021-இல் இருந்து அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம்தான். ஆனால் மறதி உள்ள ஒரு பாட்டி காசே இல்லாமல் ஏறி உட்கார்ந்து கடைசி நிறுத்தம் வரை போய்விட முடியும். "காசு கொடும்மா" என்று கண்டக்டர் நின்று பேசும் அந்த ஒரு நிமிடம் இப்போது இல்லை. ஆகவே பக்கத்து டெப்போவுக்கும், மார்த்தாண்டம், தக்கலை, வடசேரி பஸ் நிலையங்களில் இருக்கும் டைம் கீப்பர்களுக்கும் படம் போய்ச் சேர வேண்டும். இதை நீங்கள் செய்ய வேண்டாம், ஸ்டேஷனில் கேளுங்கள்.

கேட்க வேண்டியவை இன்னும் சில. பக்கத்து ஸ்டேஷன்களுக்கும் ரோந்து வண்டிக்கும் 'மைக்'கில், அதாவது வயர்லெஸ்ஸில், சொன்னார்களா என்று கேளுங்கள். ஜங்ஷனில் இருக்கும் கேமராவைப் பார்க்கச் சொல்லுங்கள். நாகர்கோவில், இரணியல், குழித்துறை ரயில் நிலையங்களுக்கு ரயில்வே போலீஸ் மூலம் தகவல் போக வேண்டும். உங்கள் பக்கத்தில் இருந்து கேரள எல்லை கூப்பிடு தூரம்தான். பனச்சமூடு வழியாக வெள்ளறடைக்கோ, களியக்காவிளை தாண்டிப் பாறசாலைக்கோ போய்விட்டால், அங்கே ஒரு போலீஸ்காரர் அவரைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு யார் எவர் என்று தெரியாமல் திண்டாடுவார். இங்கே நாம் தேடிக்கொண்டிருப்போம். அந்த ஸ்டேஷன்களுக்கும் தகவல் கொடுக்கச் சொல்லி வற்புறுத்துங்கள். கேரளத்திலும் எண் அதே 112தான்.

ஒரு நாள் தாண்டிவிட்டால் ஆஸ்பத்திரிகளைப் பாருங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி, தக்கலை, குழித்துறை அரசு ஆஸ்பத்திரிகள், அப்புறம் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ். பெயர் தெரியாத முதியவர் என்று யாரையாவது சேர்த்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். முதியோர் காப்பகங்களையும் விட வேண்டாம்.

இதைப் படிக்கும் காவலர்களுக்கு ஒரு வார்த்தை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். தன்னிலை தெரியாமல் அலைகிறவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது. அவரை மருத்துவமனையில் காட்ட வேண்டும். குடும்பத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு ஸ்டேஷன் அதிகாரிக்கு உண்டு. நினைவும் சூழல் உணர்வும் பெரிதாகப் பாதிக்கப்பட்டவர்களும் அந்தச் சட்டத்தின் விளக்கத்துக்குள் வருகிறார்கள். நம்மில் பலர் அதைத் தெருவில் சுற்றும் மனநோயாளிகளுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

வாட்ஸ்அப் விஷயம். போடலாம், ஆனால் அளவோடு. இன்றைய படம், கடைசியாகப் பார்த்த இடம், தேதி, நேரம், உடை, "ஓர்மை குறைவு, அன்பாகப் பேசி உட்கார வையுங்கள்", ஸ்டேஷன் எண். தேதியை விட்டுவிட்டால் அந்தச் செய்தி மூன்று வருடம் கழித்தும் சுற்றிக்கொண்டிருக்கும். வீட்டில் பெண்ணும் குழந்தையும் மட்டும்தான் என்று தெரியும்படி எதையும் எழுதாதீர்கள். "ஆள் எங்களிடம் இருக்கிறார், பணம் அனுப்பினால் வண்டியில் கொண்டு வருகிறோம்" என்று யாராவது கூப்பிட்டால், வீடியோவில் முகத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் எண்ணை அப்படியே போலீசிடம் கொடுத்துவிடுங்கள். குடும்பத்தின் பதற்றத்தில் காசு பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆள் கிடைத்ததும் எல்லா குரூப்பிலும் "கிடைத்துவிட்டார், படத்தை நீக்குங்கள்" என்று போட வேண்டும். அதற்குள் எல்லாருக்கும் உடம்பு தளர்ந்துவிடும், அதனால் இதை மட்டும் மகனிடம் விட்டுவிடுங்கள்.

பூட்டுக்கு வருகிறேன். வீட்டில் யாரும் இல்லாதபோது அவரை உள்ளே வைத்து வெளியே பூட்டக் கூடாது. தீப்பிடித்தாலும், வழுக்கி விழுந்தாலும், கேஸைத் திறந்துவிட்டாலும் ஓடி வர ஆள் கிடையாது. சிலர் ஜன்னல் வழியாக இறங்கப் பார்த்து இடுப்பை உடைத்துக்கொள்வார்கள். கட்டிலோடு கட்டி வைப்பது பற்றிப் பேசவே வேண்டாம். ராத்திரி நீங்களும் உள்ளே படுத்திருக்கும்போது கதவைப் பூட்டிச் சாவியை உங்களிடம் வைத்துக்கொள்வது வேறு, அதில் தப்பில்லை. தாழ்ப்பாளைக் கண்ணுக்கு நேராக வைக்காமல் கதவின் உச்சியில் மாற்றினால், பலர் அதைத் தேடிப் பார்ப்பதில்லை. கதவில் ஒரு மணி கட்டுங்கள். அல்லது கதவைத் திறந்தால் கீச்சிடும் பேட்டரி அலாரம் கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு, கொஞ்சம் தூக்கம் கெடும். மூன்று மணிக்கு முழித்தாரென்றால் "படுங்க மாமா, ராத்திரி" என்று சண்டை போடாதீர்கள். லைட்டைப் போட்டு ஒரு கட்டஞ்சாயா கொடுங்கள். "இன்றைக்கு மழை, மரம் நனைஞ்சு கிடக்கு, வெட்டு இல்லை" என்று சொல்லிப் பாருங்கள். பால்வெட்டுக்காரருக்கு அது புரியும் கணக்கு, பலர் அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். பத்திருபது சிரட்டையைக் கொடுத்துத் துடைத்து அடுக்கச் சொல்லலாம். பகலில் யாராவது கூட நடக்க வைத்தால் ராத்திரி தூக்கமும் கூடும். இதெல்லாம் இல்லாமல் திடீரென்று இரண்டு மூன்று நாளில் அலைச்சல் அதிகமானால் டாக்டரிடம் காட்டுங்கள். மூத்திரத்தில் கிருமி, மலச்சிக்கல், புது மாத்திரை, காய்ச்சல் என்று எதுவும் காரணமாக இருக்கலாம். அதைச் சரிசெய்தால் அலைச்சலும் அடங்கும். நீங்களாகவே கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டாம், விழுந்துவிடுவார்.

உங்கள் வீட்டுக்காரர் ஜி.பி.எஸ். வாட்ச் வாங்கி அனுப்புகிறேன் என்று சொல்லக்கூடும். அனுப்பட்டும். ஆனால் அதற்கு சார்ஜ் போட வேண்டும், சிம் இருக்க வேண்டும், அடர்ந்த ரப்பர் விளைக்குள் சிக்னல் தடுமாறும். ஸ்டேஷனில் எடுக்கும் டவர் லொகேஷனும் கிராமப்புறத்தில் சுற்றுவட்டம் பெரிதாகத்தான் காட்டும். இவற்றை நம்பித் தாளை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். எனக்குப் பிடித்தது ஒரு ஸ்டீல் காப்பு. அதில் பெயர், 'மறதி நோய்', உங்கள் போன் எண், வீட்டுக்காரரின் அக்கா எண், இவ்வளவையும் வெட்டி வாங்கிக் கையில் போட்டுவிடுங்கள். கழற்ற முடியாதபடி, ஆனால் இறுக்காதபடி. வயதான பெண்களுக்கு இதையே தங்கத்தில் செய்யாதீர்கள்; வழியில் திருடனுக்கு வேலை கொடுத்ததாகிவிடும். ஜப்பானில் இருமா என்ற நகரத்தில் 2016-இல் நகத்தில் ஒட்டும் சிறிய கியூஆர் ஸ்டிக்கர் கொடுத்தார்கள். அவ்வளவு தூரம் நாம் போக வேண்டாம், கைலி மடிப்பில் மார்க்கர் பேனாவால் போன் எண் எழுதினாலே போதும்.

கிடைத்ததும் திட்டாதீர்கள். அவருக்கு ஏன் திட்டு விழுகிறது என்று தெரியாது, பயம் மட்டும் மனதில் தங்கும். முதலில் தண்ணீர், அப்புறம் உள்ளங்கால், தலை, முழங்கால் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டிருந்தால் வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிதான்.

இனி நாத்தனார். ஊருக்குத் தெரிந்தால் கேவலம், பிள்ளைகளுக்குக் கல்யாணம் நடக்காது என்று பயப்படுகிறவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. ஆனால் உங்கள் மாமாவைக் கண்டுபிடித்தது யார்? போலீசும் இல்லை, சொந்தக்காரரும் இல்லை. புல்லறுக்கப் போன ஒரு அம்மா. அவருக்கு மாமாவைத் தெரிந்திருந்ததால்தான் சொன்னார். நாலு மணிக்கே கடை திறக்கும் சாயாக்கடைக்காரர், பால் எடுக்கப் போகிறவர், இப்போது வெட்டுக்குப் போகும் ஆட்கள், ஆட்டோ ஸ்டாண்டுப் பையன்கள், ஆலயத்திலும் கோயிலிலும் மைக் வைத்திருப்பவர்கள், இவர்கள்தான் உங்கள் ரோந்து. "மாமாவுக்கு ஓர்மை சரியில்லை, தனியாகப் பார்த்தால் முன்னால் வந்து நின்று மெதுவாகப் பேசுங்க, ஒரு சாயா வாங்கிக் கொடுத்து உட்கார வைத்து எனக்குப் போன் போடுங்க" என்று ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் நாத்தனாரிடம் சொல்லலாம். 2018-இல் குழந்தை கடத்தல் வதந்தி பரவியபோது திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு முதிய பெண்மணியை, யார் எவர் என்று தெரியாத ஊர்க்கூட்டம் அடித்தே கொன்றுவிட்டது. யாரென்று தெரியாத ஒரு முதியவர் அடுத்தவர் விளைக்குள் இருட்டில் நின்றால் நம் ஊரிலும் முதலில் கேட்பது "யாருலே அது?" என்றுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உங்கள் மாமாவால் முடியாது.

உங்களுக்கே மூச்சு முட்டும்போது 14567-க்குப் பேசுங்கள், முதியோருக்கான அரசு உதவி எண். டிமென்ஷியா குடும்பங்களுக்காக 1992-இல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற சங்கத்துக்குத் திருவனந்தபுரத்தில் கிளை இருக்கிறது. உங்களுக்குச் சென்னையைவிட அது பக்கம்.

தாளின் முதல் பக்கத்தை நீங்கள் எழுதுங்கள். இரண்டாம் பக்கத்தை நாத்தனார் கையில் கொடுத்துவிடுங்கள். அப்பா எந்தத் தோட்டத்தில் வெட்டினார், எந்த வழியாகப் போனார், சின்ன வயதில் தன்னை எந்தத் திருவிழாவுக்குத் தோளில் தூக்கிப் போனார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். நீங்கள் அந்த வீட்டுக்கு வந்தது பிற்பாடு. அவர் எழுதித் தந்ததும் மூன்று பிரதி எடுத்து, ஒன்றை டாக்டர் சீட்டு நகலோடு ஸ்டேஷனில் நேரில் கொடுங்கள், ஒன்றைச் சமையல்கட்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், ஒன்று நாத்தனாரிடமே இருக்கட்டும். படமாக எடுத்து மஸ்கட்டுக்கும் அனுப்பிவிடுங்கள். நீங்கள் இருட்டில் தேடிக்கொண்டிருக்கும்போது ஸ்டேஷனில் இருந்து ஏதாவது கேட்டால் உங்கள் வீட்டுக்காரர் அங்கிருந்தே பதில் அனுப்பலாம்.